குதிகால்

என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேறு எதைப் பார்ப்பது. எதிரே ஒரு கதவு, அதில் வட்டக் கண்ணாடி, கண்ணாடிக்கு உள்பக்கம் பச்சைத் துணி. அந்தப் பக்கம் என் அப்பாவைப் படுக்கப் போட்டிருக்கிறார்கள். தொடை இடுப்போடு சேரும் இடத்தில் சின்னதாக ஓட்டை போட்டு, அந்த வழியாக ஒரு கம்பியை நெஞ்சு வரைக்கும் ஏற்றிக்கொண்டிருப்பார்கள் இந்நேரம். செருப்பை வெளியே விட்டுவிட்டு வரச் சொன்னதால் இந்த வராண்டாவில் எல்லாருக்கும் வெறுங்கால்தான். தரை சில்லென்று இருக்கிறது, என் வலது குதிகால் மட்டும் சுடுகிற மாதிரி இருக்கிறது. சுடாது. சுடாதென்று எனக்கே தெரியும். ஆனால் நேற்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து இந்தக் குதிகாலால்தான் அப்பா முதுகில் மிதித்தேன். மூன்று தடவை. அவர்தான் மிதிக்கச் சொன்னார். ரெண்டு நாளாகத் தோள்பட்டைக்கு நடுவில் ஆணி வைத்துத் திருகுகிற மாதிரி இருக்கிறது என்றார், வாய்வு என்றாள் அம்மா, சோடா வாங்கிக் குடித்தார், பூண்டைச் சுட்டுத் தின்றார், போகவில்லை. வீட்டிலேயே மருந்து இருக்கும்போது எதுக்கு வெளியே போகணும் என்று குப்புறப் படுத்துவிட்டார். மருந்து நான்தான். நான் காலால் பிறந்தவள். தலை வராமல் கால் முதலில் வெளியே வந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் பிடிப்பு விட்டுப்போகும் என்று எங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு ஆறு வயதிலிருந்து தெருவில் யாருக்கு இடுப்புப் பிடித்தாலும் என்னைத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள், மிதித்து முடித்தால் ஒரு ஆரஞ்சு மிட்டாய். ஆறு வயதில் எனக்கு எடையே இல்லை. இப்போது எனக்குப் பதினேழு. அதை யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. மூன்றாவது மிதிக்கு அப்பா “ஆங், விட்டுருச்சு பாப்பா” என்று சொன்னார். எழுந்து உட்கார்ந்தார். அம்மா இட்லி வைத்தாள். ரெண்டாவது இட்லியைப் பிட்டவர் அதை வாயில் வைக்கவே இல்லை. வேர்வை அப்படி ஒரு மனுசனுக்கு ஊற்றி நான் பார்த்ததில்லை, சட்டை போடாத முதுகில் என் கால் பட்ட இடம் எது படாத இடம் எது என்று தெரியாமல் மொத்தமும் நனைந்துவிட்டது. திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார்கள், ராத்திரிதான் இங்கே வந்து சேர்ந்தோம்.

பக்கத்தில் அம்மா ஜெபமாலை உருட்டுகிறாள். உதடு மட்டும் அசைகிறது. அவள் மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர், அப்பாவை உள்ளே கொண்டுபோகும் முன் கழற்றிக் கொடுத்தது எல்லாம் அதில்தான் இருக்கிறது, கழுத்தில் போட்டிருந்த மாதா படம் தைத்த உத்தரியம், அறுத்தெடுத்த அரைஞாண், அப்புறம் விசில். ஞாயிற்றுக்கிழமை கூட விசிலை அரைஞாணில் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார் மனுசன். அப்பா தனியார் பஸ்ஸில் கண்டக்டர், திண்டுக்கல் டு வத்தலக்குண்டு. முன்னெல்லாம் விசிலே தேவைப்படாது. செம்பட்டி நிறுத்தத்தில் அவர் கத்தினால் நிலக்கோட்டைக்காரன் எழுந்து நிற்பான் என்று டிரைவர் மாமா கிண்டல் பண்ணுவார். கிறிஸ்துமஸ் சமயத்தில் தொண்டை கட்டிக்கொண்டது. கட்டினது கட்டினதுதான். அம்மா மிளகுப் பால் கொடுத்தாள், அதிமதுரம் கொடுத்தாள், வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்க வைத்தாள், கத்தாதய்யா கத்தாதய்யா என்று திட்டினாள். காற்றுப் போன குழாய் மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. பஸ்ஸில் காலேஜ் பசங்கள் “அண்ணே, வால்யூம் வைங்கண்ணே” என்று சொல்வார்களாம். அவரும் சிரித்துவிட்டு விசிலை எடுத்து ஊதுவாராம். அந்த விசில் இப்போது கவருக்குள் கிடக்கிறது, ஓரத்தில் பல் பட்ட தழும்பு. எனக்கு அதை எடுத்து ஊத வேண்டும் போல இருக்கிறது. இந்த வராண்டா முழுக்கக் கேட்கிற மாதிரி. ஒரு விசில் என்றால் நில், ரெண்டு விசில் என்றால் போ. எது ஊதுவேன் என்று யோசிக்கிறேன். உள்ளே அந்தக் கம்பி ஏறிக்கொண்டிருக்கும், அதற்குப் போ. நெஞ்சுக்குள் ரத்தக் குழாய் கிழிந்துகொண்டிருக்கும், அதற்கு நில். ரெண்டையும் ஒரே விசிலில் எப்படிச் சொல்வது. லூசு மாதிரி யோசிக்கிறேன். உட்கார்ந்திருப்பது எனக்கு வராது, அதுதான் பிரச்சினை. பிளஸ் ஒன்னோடு நின்றதும் அதனால்தான், யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன், வீட்டுக் கஷ்டம் கிஷ்டம் என்று கதை விடமாட்டேன். ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒருவர் பேசுவதைக் கேட்க என்னால் முடியவில்லை, நின்றுவிட்டேன். இப்போது செல்போன் கடையில் கண்ணாடி ஒட்டுகிறேன், நின்றுகொண்டே.

பெருந்தமனி என்று பதினொன்றாவது புத்தகத்தில் போட்டிருந்தது. படம் வரைந்து பாகங்களைக் குறி. நான் சிவப்புப் பேனாவால் வரைந்தேன், குடையோட கைப்பிடி மாதிரி மேலே வளைந்து கீழே இறங்கும், பயாலஜி மிஸ் கோடு நேராக இல்லை என்று மார்க்கைக் குறைத்தார். அப்பாவுடையதும் நேராக இல்லை. கீழே இறங்குகிற இடத்தில், முதுகெலும்பை ஒட்டி, வீங்கியிருக்கிறது. காலையில் டாக்டர் வைஜெயந்தி கம்ப்யூட்டரில் காட்டினார். சின்ன உடம்பு, கண்ணாடி, தலையில் பூப்போட்ட துணித் தொப்பி, பார்த்தால் டியூஷன் டீச்சர் மாதிரி. “சைக்கிள் டியூப் பாத்திருக்கியா? ஒரு இடத்துல ரப்பர் லேசாப் போயி புடைச்சுக்கிட்டு நிக்கும்ல, அது மாதிரி. அப்பாவுக்கு அது வெடிச்சிருச்சு.” அம்மா “மாதாவே” என்று நெஞ்சில் கை வைத்தாள். வெடித்தால் ஆள் இருக்க முடியுமா என்று நான் கேட்டேன். இப்படித்தான் கேட்டேன், இதைவிட நன்றாகக் கேட்க எனக்குத் தெரியவில்லை. டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “முழுசா வெடிச்சா இருக்க முடியாது. கசிஞ்ச ரத்தம் பக்கத்துலயே உறைஞ்சு இப்போதைக்கு அடைச்சுக்கிட்டு நிக்குது. எப்ப விடும்னு தெரியாது. அதனாலதான் அவசரம்.” நெஞ்சைக் கிழிக்கப் போவதில்லையாம். துணி போர்த்திய ஒரு கம்பிக் கூட்டை, மடக்கின குடை மாதிரி, தொடை வழியாக உள்ளே அனுப்புவார்கள். வீங்கின இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் அது விரியும். மேலே நல்ல குழாயையும் கீழே நல்ல குழாயையும் பிடித்துக்கொள்ளும். ரத்தம் அதற்குள்ளேயே ஓடிவிடும், வீக்கத்துக்கு வேலை இல்லாமல் போய்விடும். கேட்கும்போது எனக்கு அது பிடித்திருந்தது. உள்ளேயே போய் உள்ளேயே குடை விரிக்கிற வேலை. அப்புறம் இன்னொன்றும் சொன்னார். முதுகுத்தண்டுக்கு ரத்தம் கொண்டுபோகிற சின்னச் சின்னக் குழாய்கள் அந்தப் பெரிய குழாயிலிருந்துதான் கிளம்புகின்றன, கூடு விரியும்போது அதில் சிலதையும் மூடிக்கொள்ளும், சிலருக்குக் கால் விளங்காமல் போய்விடலாம். எல்லாருக்கும் இல்லை. சிலருக்கு. “உயிர் முதல்ல. கால் அடுத்தது. ரெண்டையும் காப்பாத்தத்தான் பாப்போம்.” ஓடுகிற பஸ்ஸில் ஒரு கையால் கூடப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழிக்கிறவர் அப்பா. வளைவில் எல்லாரும் சாய்வார்கள், அவர் சாயமாட்டார். கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்று சின்ன வயதில் குனிந்து பார்த்திருக்கிறேன், செருப்புக்குள் பெருவிரல் மட்டும் தரையைக் கவ்வுகிற மாதிரி மடங்கியிருக்கும்.

அதற்கு அப்புறம்தான் டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டார். “ரெண்டு மூணு நாள்ல எங்கேயாவது விழுந்தாரா? அடிபட்டுச்சா? முதுகுல யாராவது அமுக்கி கிமுக்கி விட்டாங்களா?” எனக்கு வாய் திறந்துவிட்டது. அம்மா அதற்குள் “அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க டாக்டர்” என்று சொல்லிவிட்டு, மேசைக்குக் கீழே என் தொடையில் கிள்ளினாள். சும்மா கிள்ளவில்லை, நகம் பதிகிற மாதிரி. நான் வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடிக்கொண்டேன் என்பது எனக்கே நம்ப முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் முகத்துக்கு நேரே உங்க வகுப்பு போரடிக்குது சார் என்று சொன்னவள். வெளியே வந்ததும் அம்மா காதோடு சொன்னாள். “பெத்த அப்பனை மிதிச்சுக் கொன்னவன்னு பேரு வாங்கப் போறியா? நாளைக்கு உன்னை எவன் கட்டுவான்?” கொன்னவள். அவர் உள்ளே உயிரோடுதான் இருக்கிறார், அம்மா வாயில் அதற்குள் செத்துவிட்டார். அப்போதிலிருந்து அந்தக் கேள்வி என் தொண்டையிலேயே நிற்கிறது. முதுகுல யாராவது அமுக்கினாங்களா. அமுக்கவில்லை, மிதித்தேன். முதல் மிதி லேசாக. ரெண்டாவது கொஞ்சம் அழுத்தி. மூன்றாவதுக்கு அப்பா “நல்லா வையி” என்றார், வைத்தேன். எடையெல்லாம் குதிகாலில் இறங்கியபோது உள்ளே எதுவோ நகர்கிற மாதிரி இருந்ததா? இருந்தது என்றுதான் இப்போது தோன்றுகிறது. நேற்று தோன்றவில்லை. நேற்றுத் தோன்றாததை இன்றைக்கு நானே உண்டாக்கிக்கொள்கிறேனா, இல்லை நேற்றே தெரிந்து இன்றைக்குத்தான் ஒத்துக்கொள்கிறேனா. கண்ணாடி ஒட்டும்போது அடியில் ஒரு காற்றுக் குமிழி மாட்டிக்கொள்ளும், கட்டைவிரலால் தள்ளினால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஓடும், வெளியே போகாது. அப்படித்தான் ஓடுகிறது இது. டாக்டர் சும்மா கேட்டிருக்க மாட்டார். ஏதாவது காரணம் இருக்கும். அந்தக் காரணம் எனக்குத் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது, தெரியாத ரெண்டு பேர் சேர்ந்து தெரிந்த ஒருத்தரிடம் மறைத்துவிட்டோம். மறைத்தது எனக்காக. உள்ளே படுத்திருப்பது அவர்.

போன் அடிக்கிறது. கடைசி வீட்டு ரோசம்மா அக்கா. எடுக்காமல் விடலாம், ஆனால் அடித்துக்கொண்டே இருக்கும், அந்த அக்கா விடமாட்டாள். “ஏம்மா பிரின்சி, அப்பாவுக்கு எப்படி இருக்கு? சாமியாருக்கு அப்பா பேரை எழுதிக் கொடுத்துட்டேன், சாயங்காலப் பூசையில வாசிப்பாரு.” உள்ள கூட்டிட்டுப் போயிருக்காங்க அக்கா என்றேன். “நல்லாயிருவாரு, மாதா இருக்கா. அப்புறம் கண்ணு, நீ எப்ப ஊருக்கு வர்றே? எங்க மாமியாளுக்கு முதுகு புடிச்சுக்கிட்டு முந்தாநாள்லருந்து ஒரே கத்து. நிமிர முடியல. உன் காலு ஒரு தடவை பட்டாப் போதும்ங்கிறா.” எனக்குச் சிரிப்பு வருகிறது. சிரிப்பு இல்லை, அது மாதிரி ஒன்று. “ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கக்கா.” “அட, இதுக்கெல்லாம் எதுக்குடி ஆஸ்பத்திரி. வாய்வு.” “எங்கப்பாவுக்கும் வாய்வுன்னுதான் சொன்னாங்க.” “சரி, நீ வந்து ஒரு மிதி...” “நான் இனிமே யாரையும் மிதிக்க மாட்டேன்.” “என்னடி, மதுரைக்குப் போனதும் பெரிய மனுசி ஆயிட்டியா?” “எங்கப்பாவை மிதிச்சுட்டுத்தாங்க்கா இங்க உக்காந்திருக்கேன். மிதிச்சேன், ரெண்டாவது இட்லிக்கு விழுந்துட்டாரு. உங்க மாமியாளை இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க, நெஞ்சுல ஸ்கேன் எடுங்க, வச்சிர்றேன்.” வைத்துவிட்டேன். அம்மா ஜெபமாலையை நிறுத்திவிட்டுப் பார்க்கிறாள். ஓங்கி என் தோளில் ஒன்று வைத்தாள், மணிகள் சத்தம் போட்டன. “ரோசம்மாகிட்டயா சொன்னே? அதுக்கு மைக்ல சொல்லியிருக்கலாமே.” அம்மா சொல்வது சரிதான். இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்கத் தெரியும். ரோசம்மா அக்காவுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியும், வாசிக்கிற சாமியாருக்குக்கூடத் தெரியும், அப்பாவுக்குள் கம்பி விட்டுக்கொண்டிருக்கிற டாக்டருக்கு மட்டும் தெரியாது. இதைவிடக் கேனத்தனம் உலகத்தில் இருக்கா. எழுந்துவிட்டேன். “எங்கடி?” என்கிறாள் அம்மா. “சொல்லப் போறேன்.” “பிரின்சி, உக்காரு.” “கட்டலைன்னாப் போகட்டும்மா.” “உக்காருடி.” “நீயே சொல்றியா, நான் சொல்லட்டா?” அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் பயம் எனக்குத் தெரிகிறது. அவளுக்கு நான் ஒருத்திதான், அப்பா போய்விட்டால் நான் மட்டும்தான், அதனால்தான் என்னை முந்தானைக்குள் மூடிக்கொள்கிறாள். மூடுகிற வேகத்தில் அவரை வெளியே விட்டுவிட்டாள். இதை அவளிடம் சொல்ல நேரமில்லை. கதவுப் பக்கத்தில் ஒரு பெல் இருக்கிறது, அவசரத்துக்கு மட்டும் என்று ஒட்டியிருக்கிறார்கள். அமுக்கினேன். விரலை எடுக்கவே இல்லை.

கதவு ஒரு ஆள் முகம் அளவுக்குத் திறக்கிறது. பச்சை உடுப்பு, முகத்தில் மாஸ்க், கண் மட்டும் தெரிகிற ஒரு நர்ஸ் அக்கா. “ஒரு தடவை அடிச்சாப் போதாதா?” “நான் சவரிமுத்துவோட பொண்ணு. டாக்டர்கிட்ட ஒண்ணு சொல்லணும். முதுகுல யாராவது அமுக்கினாங்களான்னு கேட்டாங்க, அம்மா இல்லேன்னு சொல்லிட்டாங்க. நேத்துக் காலையில நான் மிதிச்சேன். குதிகாலால. மூணு தடவை.” “மிதிச்சியா? எதுக்கு?” “நான் காலால பொறந்தவ.” நான் விளக்கமெல்லாம் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். வேண்டியிருக்கவில்லை. “அட கடவுளே” என்று மட்டும் சொன்னாள், அது இந்த வழக்கம் தெரிந்தவர்கள் சொல்கிற கடவுளே. “எங்க மிதிச்சே?” நான் திரும்பி நின்று என் முதுகைக் காட்டினேன், கை எட்டவில்லை, “இங்க, ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல, கொஞ்சம் இடது பக்கமா.” கதவு மூடிவிட்டது. அவ்வளவுதான். எதுவும் இடிந்து விழவில்லை. வராண்டாவில் ஒரு தாத்தா கொட்டாவி விட்டார். திரும்பி வந்து உட்கார்ந்தால் அம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் அதே நர்ஸ் அக்கா மறுபடி எட்டிப் பார்த்தாள். “விலா எலும்பு எதுவும் ஒடைஞ்சு நுரையீரல்ல குத்தியிருக்கான்னு உள்ள இன்னொரு டாக்டர் ஸ்கேனைத் திரும்பப் பாத்தாரு. ஒடையல. மேடம் உங்கிட்டச் சொல்லச் சொன்னாங்க. சொன்னது நல்லதுன்னாங்க.” போய்விட்டாள். டாக்டர் கேட்டதற்கு அதுதான் காரணம். எலும்பு. எனக்கு எலும்பு ஞாபகமே வரவில்லை, குழாய் குழாய் என்றே இருந்துவிட்டேன். ஒடையல என்ற வார்த்தையைக் கொஞ்ச நேரம் வாயில் வைத்துக்கொண்டிருந்தேன். ஆரஞ்சு மிட்டாய் மாதிரி கரைந்து போய்விட்டது. அப்புறம் குமிழி மறுபடி ஓட ஆரம்பித்தது. எலும்பு ஒடையல, சரி. குழாய்? அது யார் வேலை?

அம்மா அந்தப் பக்கம் பார்த்தபடியே பேசுகிறாள். “உன்னைப் பெக்கும்போது கால்தான் வந்துச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாங்க, ராத்திரி வண்டி கிடைக்கல. உங்கப்பா ஷெட்டுக்கு ஓடி, டிரைவரை எழுப்பி, பஸ்ஸையே கிளப்பிட்டு வந்துட்டாரு. அவ்வளவு பெரிய பஸ்ஸுல நான் ஒருத்திதான். வழியெல்லாம் கத்திக்கிட்டே வந்தாரு, ஓரம் போ ஓரம் போன்னு.” இந்தக் கதை எனக்குத் தெரியும், நூறு தடவை கேட்டிருக்கிறேன், அப்பா சொல்லும்போது சிரிக்கிற கதை, வரும்போதே உதைச்சுக்கிட்டு வந்தவ என்பார். அம்மா சொல்லும்போது அது வேறு கதையாக இருக்கிறது. ஜெபமாலையை என் கையில் வைத்தாள். எனக்கு ஜெபம் சொல்ல வராது, நடுவில் விட்டுவிட்டு வேறு எதையோ நினைப்பேன், ஆனாலும் பிடித்துக்கொண்டேன். மணி வழவழவென்று இருக்கிறது. ஒவ்வொரு மணிக்கும் ஒரு வார்த்தை வைத்தேன். கம்பி. குடை. விரி. பிடி. கம்பி. குடை. விரி. பிடி. இது ஜெபம் இல்லை என்று மாதா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். அவர் செத்தால் நான் என்ன செய்வேன் என்று ஒரு பக்கம் ஓடுகிறது, அதை ஓட விடவில்லை. கால் விளங்காமல் போனால் என்ன செய்வேன் என்று மட்டும் யோசிக்கிறேன், ஏனென்றால் அதற்குச் செய்ய வேலை இருக்கிறது. வாசல் படியை இடித்துச் சரிவாகப் போட வேண்டும். கக்கூஸ் வீட்டுக்கு வெளியே இருக்கிறது, உள்ளே கொண்டுவர வேண்டும். தூக்கி உட்கார வைக்கப் பழக வேண்டும், நான் தூக்குவேன், என் கையில் பலம் உண்டு. முதுகில் ஏற மாட்டேன். முதுகில் ஏற்றிக்கொள்வேன். அழுகை வரப் பார்த்தது, விடவில்லை.

கதவு முழுசாகத் திறக்கிறது. டாக்டர் வைஜெயந்தி. மாஸ்க் கழுத்தில் தொங்குகிறது, மூக்கின் மேல் அது அழுத்தின கோடு. அம்மா எழுந்திருக்கப் பார்த்து எழ முடியாமல் என் தோளைப் பிடித்தாள். “ஸ்டென்ட் உக்காந்துருச்சும்மா. கசிவு நின்னுருச்சு. இப்போதைக்கு ஆபத்துலேர்ந்து வெளியில வந்துட்டாரு.” அம்மாவுக்கு அப்படியே சத்தம் வந்துவிட்டது, சேலையால் வாயை அடைத்துக்கொண்டாள். டாக்டர் என்னைப் பார்த்தார். “நீதானே பெல் அடிச்ச பொண்ணு? அப்பா குரல் எப்பலேர்ந்து இப்படி இருக்கு?” எனக்குப் புரியவில்லை. குரல் எதற்கு? “கிறிஸ்துமஸ்லேர்ந்து. கத்திக் கத்திப் போயிருச்சு. கண்டக்டர்.” “கத்தினதால போகல. குரலுக்குப் போற நரம்பு ஒண்ணு, நெஞ்சுக்குள்ள இறங்கி அந்தக் குழாயைச் சுத்திக்கிட்டுத் திரும்ப மேல போகும். வீக்கம் அதை அழுத்தியிருக்கு. அப்படின்னா இது கிறிஸ்துமஸ்லேர்ந்தே இருக்கு. நேத்து வந்தது இல்ல.” விசில். மிளகுப் பால். வால்யூம் வைங்கண்ணே. அத்தனை மாதமும் அது உள்ளே இருந்துகொண்டு சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, நாங்கள் உப்புத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறோம். “வெடிச்சது நான் மிதிச்சதாலயா?” என்று கேட்டேன். அம்மா என் கையை இறுக்கினாள், இந்தத் தடவை கிள்ளவில்லை. டாக்டர் உடனே இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “தெரியாது. ரெண்டு நாளா வலி இருந்திருக்கு, அப்பவே கிழிய ஆரம்பிச்சிருக்கும். நீ மிதிக்கலேன்னாலும் வெடிச்சிருக்கும், பஸ்ல நிக்கும்போது வெடிச்சிருந்தா இங்க வந்தே சேர்ந்திருக்க மாட்டாரு. உன் மிதி அதை ஒரு மணி நேரம் முன்னால தள்ளிச்சா, தள்ளலையான்னு என்னால சொல்ல முடியாது. யாராலயும் முடியாது.” சரி என்றேன். அது பாதி பதில்தான். ஆனால் நிஜமான பாதி. முழுசாக நல்ல பதிலாகச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். “இனிமே யார் முதுகுலயும் ஏறாத.” “போன்லயே சொல்லிட்டேன்.” “யார்கிட்ட?” “ஊர்கிட்ட.” அவர் லேசாகச் சிரித்தார், உடனே நிறுத்தினார். “இப்ப கால் பாக்கணும். மயக்கம் தெளிஞ்சிருக்கு, ஆனா நாங்க சொல்றது எதையும் கேக்கல, வண்டி எடுக்கணும் எந்திரிக்கணும்னு ஒரே போராட்டம். தொடையில ஓட்டை போட்ட இடம், முட்டியை மடக்கவே கூடாது. வீட்டாள் குரல் கேட்டா அடங்குவாரு. அழாத ஆள் ஒருத்தர் வேணும். நீ வா.”

பச்சை அங்கி என்னைவிடப் பெரியது, தரையில் இழுபடுகிறது. உள்ளே இன்னும் குளிர். அப்பா சின்னதாகிவிட்டார். முகம் மெழுகு நிறம், உதடு காய்ந்து வெடித்திருக்கிறது, கை ரெண்டும் கட்டில் கம்பியைப் பிடித்து இழுக்கிறது. “ரைட் கொடு, ரைட் கொடு” என்று அந்தக் காற்றுப் போன குரலில் யாரிடமோ சொல்கிறார். “அப்பா. பிரின்சி. வண்டி ஷெட்டுல நிக்குது. டிரைவர் மாமா டீ குடிக்கப் போயிருக்காரு. படுங்க.” பொய்தான். இன்றைக்கு இது ஒன்றுதான் நான் சொன்ன பொய். அவர் கண் என்னைத் தேடி வந்து நின்றது. கை கம்பியை விட்டது. டாக்டர் போர்வையைக் காலடியில் விலக்கினார். அந்தப் பாதங்கள். நிற்கிறவர் பாதம், விளிம்பெல்லாம் வெடிப்பு, பெருவிரல் தரையைக் கவ்விக் கவ்வி உள்பக்கம் வளைந்துபோனது. “உள்ளங்கையை வச்சு, தள்ளச் சொல்லு. பாதம் மட்டும். ரெண்டு பக்கமும் தனித்தனியா.” வலது பாதத்தில் கையை வைத்தேன். ஐஸ். “அப்பா, என் கையைத் தள்ளுங்க.” தள்ளினார். நன்றாகவே தள்ளினார், நர்ஸ் அக்கா “வருது மேடம்” என்றாள். இடது பாதத்துக்கு மாறினேன். “இதையும் தள்ளுங்கப்பா.” ஒன்றும் இல்லை. மிஷின் சத்தம் மட்டும். டாக்டர் திரும்பி, “பிரஷரை ஏத்துங்க, இன்னும் கொஞ்சம், முதுகுத்தண்டுக்கு ரத்தம் போகணும்” என்று யாரிடமோ சொன்னார். குரலில் அவசரம் இருந்தது, பயம் இல்லை, நான் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டேன். சொட்டு மருந்தை எதையோ திருப்பினார்கள். திரையில் நம்பர் மெதுவாக ஏறுகிறது. நான் திரையைப் பார்க்கவில்லை. வெடிப்பு விழுந்த அந்தக் குதிகாலை என் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு நிற்கிறேன். உட்காரச் சொன்னால்கூட உட்கார மாட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், கண் ஓரத்தில் தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போகிறது, அவருக்கும் தெரிந்துவிட்டது. “அப்பா, இங்க பாருங்க. தள்ள வேணாம். உதைங்க. நேத்து நான் உங்களுக்கு மூணு வச்சேன்ல, திருப்பி வைங்க.” நர்ஸ் அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்பாவின் வாய் ஓரம் ஒரு பக்கமாக இழுத்தது, சிரிப்பா வலியா தெரியவில்லை. பெருவிரல் அசைந்தது. அசைந்ததா, நான்தான் கையை ஆட்டினேனா? கையை இறுக்கி அசையாமல் வைத்தேன். மறுபடி அசைந்தது, அது என் கை இல்லை, அந்த வளைந்த விரல் கவ்வப் பார்த்தது. “மேடம்” என்று நர்ஸ் அக்கா சொன்னாள், டாக்டர் பேசாதே என்று கையைக் காட்டினார். “ஒண்ணு” என்றேன். குதிகால் என் கைக்குள் ஒரு நூல் அளவு இறங்கியது. “ரெண்டு.” இந்தத் தடவை அழுத்தம் இருந்தது, சின்னப் பிள்ளை தள்ளுகிற மாதிரி. “நல்லா வைங்கப்பா” என்றேன், என் கை பின்னால் போனது.